ஸ்க்ரூ போட்ட பெயர்

ஊருக்கெல்லாம் பெயர்ப் பலகை செய்து கொடுக்கிறவர்கள் நாங்கள். டாக்டர், வக்கீல், ஆடிட்டர், நேற்று மேனேஜராகி இன்றைக்கே மேஜைக்குப் பலகை கேட்கிறவர் என்று யார் வந்தாலும், பித்தளையிலோ அக்ரிலிக்கிலோ பெயரை வெட்டிக் கொடுப்பது என் வீட்டுக்காரர். கவுண்டர் என்னுடையது. எழுத்தைச் சரிபார்த்து, ஒரு தாளில் அச்செடுத்து, வாடிக்கையாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லாமல் மெஷினை ஓட்டக் கூடாது என்பது எங்கள் கடைச் சட்டம். பித்தளையில் விழுந்ததை ரப்பரால் அழிக்க முடியுமா? கையெழுத்தையும் போட்டுவிட்டு, பலகை கைக்கு வந்த பிறகு "எழுத்து தப்பு" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. அந்தத் தாளை எடுத்து அவர்கள் மூக்குக்கு நேரே நீட்டுவதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். ஒத்துக்கொள்கிறேன்.

அப்பேர்ப்பட்ட நாங்கள் சொந்த மகளுக்குப் பெயர் வைப்பதில் பண்ணிய கூத்தைச் சொல்கிறேன்.

மகளுக்கு ஆறு வயது. வேறு தேசத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள். நாலு வருடம் மனு, மருத்துவச் சான்று, வீட்டுக்கு வந்து பாத்ரூம் வரைக்கும் எட்டிப் பார்த்த அதிகாரி எல்லாம் தாண்டி, இரண்டு விமானம் மாறி அழைத்து வந்தோம். வரும்போது அவளிடம் ஒரு சின்னப் பையும் ஒரு பெயரும் இருந்தன. என்ன பெயர் என்று கேட்காதீர்கள். சொன்னால் நீங்களும் ஒரு கருத்துச் சொல்வீர்கள். கருத்துக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை.

பெரிய நாத்தனார் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. "வாய்ல நுழையணும்மா. காலையில அட்டெண்டன்ஸ் எடுக்கற டீச்சருக்கு நாக்கு சுளுக்கக் கூடாது. சுளுக்கற பேரையெல்லாம் பசங்க ஒரே வாரத்துல பட்டப்பேராக்கிடுவாங்க" என்றார். முப்பது வருட அனுபவம், தள்ளிவிட முடியாது. என் தம்பி ஃபோனில் ஒரு பட்டியல் அனுப்பினான். அதில் பாதி, அவன் மகளுக்கு யோசித்து அவன் மனைவி வேண்டாம் என்று கழித்தவை. "உன் வீட்டு மிச்சம் மீதியை இங்க தள்ளாதே" என்றேன். பால் போடுகிறவர்கூட ஒன்று சொன்னார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பால்காரர் வைத்த பெயர் என்று நாத்தனார் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்.

"அவளுக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே" என்று என் வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை முனகினார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

பதிவு அலுவலகத்தில் ஒரு படிவம் தந்திருந்தார்கள். அதில் இரண்டு கட்டம். ஒன்றில் இப்போதைய பெயர், மற்றதில் இனி வழங்கும் பெயர். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குப் பிள்ளையோடு போய்க் கையெழுத்துப் போட்டால் புதிய பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும். பழையது உறையில் போய் முத்திரை விழும். அதற்குப் பிறகு மாற்ற வேண்டுமென்றால் கோர்ட்டுப் படி ஏற வேண்டும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது நான்தான். பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள், இங்கேயே வளரப் போகிற பிள்ளை, புது வாழ்க்கைக்குப் புதுப் பெயர் என்று காரணங்களை அடுக்கினேன். எல்லாம் பாதி உண்மை. மீதி என்னவென்றால், என்னிடம் ஒரு பெயர் தயாராக இருந்தது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் உண்டாகியிருந்தேன். பெண்தான் என்று எனக்கு ஒரே நிச்சயம். கவுண்டரில் வருகிற பெயர்களையெல்லாம் வாயில் போட்டுப் பார்த்துப் பார்த்து, ஆயிரம் பெயரில் ஒன்றைப் பொறுக்கி எடுத்தோம். ஏழாம் மாதம் ஒருநாள் வயிற்றில் அசைவு நின்றது. பெண்தான். துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். அந்தப் பெயரைச் சொல்லி ஒரு தடவைகூட நான் யாரையும் கூப்பிடவில்லை. எடுத்து வைத்த துணியை எத்தனை காலத்துக்குப் பீரோவிலேயே வைத்திருப்பது? உடுத்த ஒருத்தி வருகிறாள், உடுத்திக்கொள்ளட்டுமே என்று நினைத்தேன். அளவு சரியாக இருக்குமா என்று பார்க்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை வரைக்கும்கூட நாங்கள் பொறுக்கவில்லை. பிள்ளை வருவதற்கு முந்தின வாரமே என் வீட்டுக்காரர் வேலையை ஆரம்பித்துவிட்டார். அறைக் கதவுக்குப் பித்தளை. கட்டில் தலைமாட்டுக்கு வெள்ளை அக்ரிலிக், நாலு மூலையிலும் நாலு ஸ்க்ரூ. டம்ளர், தண்ணீர் பாட்டில், பென்சில் பெட்டி, நாற்காலியின் முதுகு, எல்லாவற்றிலும் அந்தப் பெயர். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள், எங்கள் ஆசைக்கு அளவும் தெரியவில்லை. "ஆபீஸ் திறந்த மாதிரி இருக்கு" என்று நாத்தனார் சிரித்தார்.

வந்தவள் கட்டிலில் படுக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் துண்டை விரித்துப் படுத்தாள். முதல் நாள் புது இடம் என்று விட்டோம். இரண்டாம் நாளும் தரைதான். தூங்கினபின் தூக்கிப் போட்டால், விடிவதற்குள் இறங்கியிருப்பாள். டம்ளரில் பால் கொடுத்தால் வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, சமையலறையில் இருக்கிற ஓட்டை உடைசல் கப் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுவாள். பொம்மைகளை எடுக்கவில்லை. நாற்காலியில் உட்காரவில்லை. கொண்டுவந்த பையைப் பிரிக்கவும் இல்லை. அதிலிருந்து ஒரு சட்டை எடுத்தால், துவைத்துக் காய்ந்ததும் மடித்து அதிலேயே வைத்து ஜிப்பை இழுத்து மூடிவிடுவாள்.

ஆனால் காலையில் எழுந்ததும் யாரும் படுக்காத அந்தக் கட்டிலின் விரிப்பை இழுத்துச் சரிசெய்வாள். தலைமாட்டுப் பலகையைச் சட்டை நுனியால் துடைப்பாள். தலையணையைத் தட்டி வைப்பாள். லாட்ஜ் வேலைக்காரி மாதிரி இதென்ன என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இன்னும் மோசம். நான் வாய் நிறையக் கூப்பிடுவேன். அவள் என்னைப் பார்க்க மாட்டாள், வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடுவாள். இவர் வந்து "குட்டி!" என்றால் மட்டும் ஓடி வருவாள். இவருக்கு ஒரு பெருமை! "என்னத்தையோ வெச்சு மயக்கிட்டீங்க" என்று நான் சீறினேன். "குட்டின்னு கூப்பிட்டா ஆட்டுக்குட்டிகூட வரும்" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாமர்த்தியமாகப் பேசுகிற நான், ஆறு வயசுப் பிள்ளையிடம் தோற்றுக்கொண்டிருந்தேன். இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை, பிடிக்கவும் போவதில்லை, ஒருநாள் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று பயந்தேன். பயம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

புதன்கிழமை மத்தியானம் அது வந்தது. சாப்பிட்டுவிட்டு அவள் வழக்கம்போல் தரையில் துண்டை விரித்தாள். "போதும்டி உன் பிடிவாதம்" என்று அவளை அப்படியே அள்ளிக் கட்டிலில் படுக்க வைத்தேன். எழப் பார்த்தாள், தோளைப் பிடித்து அழுத்தினேன். அவள் அழவில்லை, திமிறவில்லை. மரக்கட்டையாகக் கிடந்தாள். கண் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கையை எடுத்ததும் மெல்ல இறங்கினாள். தான் படுத்திருந்த இடத்தில் விழுந்த சுருக்கத்தை உள்ளங்கையால் நீவி நீவி விட்டாள். ஒரு முடி கிடந்தது. அதையும் பொறுக்கி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த முடியைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. பிடிவாதக்காரி சுருக்கத்தை நீவ மாட்டாள். இது வேறு ஏதோ.

கடைக்கு ஃபோன் போட்டேன். "என்னங்க, இவ மொழி தெரிஞ்ச யாராவது உடனே வேணும்" என்றேன். குரலைக் கேட்டே அவர் மறுபேச்சுப் பேசவில்லை. தத்து மையத்தில் கேட்டு ஒரு நம்பர் வாங்கினார். அந்தத் தேசத்திலிருந்து இங்கே படிக்க வந்து, இங்கேயே கல்யாணம் பண்ணிக்கொண்டு தங்கிவிட்ட ஒரு பல் டாக்டர். வியாழக்கிழமை மதியம், இரண்டு நோயாளிக்கு நடுவில் இருபது நிமிஷம் ஒதுக்கித் தந்தார்.

கிளினிக்கில் கிராம்பு எண்ணெய் வாசனை. அந்தச் சாய்வு நாற்காலியைப் பார்த்ததும் எங்கள் பிள்ளை தானாகவே ஏறி உட்கார்ந்து வாயை ஆவென்று திறந்தாள். டாக்டர் சிரித்துவிட்டார். "சொத்தை ஒண்ணு இருக்கு, அதை அப்புறம் பாப்போம்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு, அவள் பக்கம் குனிந்து அவள் மொழியில் ஏதோ கேட்டார்.

அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி பேசினாள். பத்தொன்பது நாளில் இவள் குரல் இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. கையை நீட்டிக் காட்டினாள், விரல் விட்டு எண்ணினாள், ஸ்க்ரூ திருகுவதுபோல் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் முறுக்கிக் காட்டினாள். டாக்டரின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது.

"என்ன சொல்றா டாக்டர்?" என்றேன்.

"கட்டிலுக்குச் சொந்தக்காரப் பொண்ணு எப்ப வருவான்னு கேக்கறா."

"எந்தப் பொண்ணு?"

"உங்க வீட்டுல எல்லாத்துலயும் ஒரே பேர் எழுதியிருக்காமே? படிக்கத் தெரியலையாம். ஆனா நீங்க கூப்பிடறதை வெச்சு அது தன் பேர் இல்லைன்னு தெரியுமாம். இவ இருந்த இல்லத்துல கட்டில், கப், பிரஷ் எல்லாத்துலயும் பேர் ஒட்டியிருப்பாங்களாம். அடுத்தவங்க பேர் போட்டதைத் தொடக் கூடாது. ஒரு பிள்ளை கிளம்பிப் போச்சுன்னா அந்தச் சீட்டைக் கிழிச்சிட்டு வேற சீட்டு ஒட்டுவாங்க." அவரும் அவளைப் போலவே விரலை முறுக்கிக் காட்டினார். "உங்க வீட்டுல சீட்டு இல்ல, ஸ்க்ரூ போட்டிருக்கு. அதனால அந்தப் பொண்ணு கண்டிப்பாத் திரும்பி வருவான்னு சொல்றா."

என் வீட்டுக்காரர் கையிலிருந்த சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க தினமும் அவளைக் கூப்பிடறீங்களாம். வந்துட்டாளான்னு இவளும் வாசலைப் பாப்பாளாம். நீங்க அவளை ரொம்பத் தேடறீங்க, பாவம்னு சொல்றா. நேத்து நீங்க கட்டில்ல படுக்க வெச்சப்ப, அந்த நேரம் பாத்து அவ வந்துட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டாளாம்." டாக்டர் என் கண்ணைப் பார்க்காமல் கடைசிக் கேள்வியைச் சொன்னார். "அவ வந்ததும் நான் எங்க போகணும்னு கேக்கறா."

கடையில் எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்கும். இதற்கும் ஒன்று இருந்தது. இது அவள் பெயர்தான் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. டாக்டர் மொழிபெயர்த்துவிடுவார், பிள்ளையும் தலையாட்டிவிடும். ஆனால் அவள் ஒன்றும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லையே. அந்தக் கட்டிலும் டம்ளரும் இன்னொருத்திக்குச் செய்தவைதான். நான் கூப்பிட்டதும் இன்னொருத்தியைத்தான். பெற்ற வயிற்றுக்கே தெரியாமல் பொத்தி வைத்திருந்ததை, நம் மொழியில் பத்து வார்த்தை தெரியாத பிள்ளை பத்தொன்பது நாளில் கண்டுபிடித்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"வரமாட்டான்னு சொல்லுங்க டாக்டர். அது என் பொண்ணுதான். பிறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டா."

"இதை அப்படியே சொல்லட்டுமா?"

"அப்படியே சொல்லுங்க. இவகிட்டப் பொய் சொல்ல முடியாது."

சொன்னார். பிள்ளை கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டு யோசித்தது. பிறகு டாக்டர் வழியாக ஒரு கேள்வி. "இருந்திருந்தா எத்தனை வயசாம்?"

"பதினொண்ணு" என்றார் என் வீட்டுக்காரர். கணக்குப் போடாமல் சட்டென்று வந்தது அவருக்கு. அவரும் வருடா வருடம் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு இது தெரியாது.

பதினொன்றை டாக்டர் விரலில் காட்டினார். பிள்ளை தன் ஆறையும் விரலில் வைத்துப் பார்த்துக்கொண்டு மறுபடி பேசினாள்.

"அப்ப அவ தனக்கு அக்கா ஆகணுமே, சரியான்னு கேக்கறா" என்றார் டாக்டர். "அந்த இல்லத்துல கூடப்பிறந்தவங்களுக்கு மட்டும் அனுமதி உண்டாம். அக்கா கட்டில்ல தங்கச்சி படுக்கலாம். கேட்டுட்டுப் படுக்கணும். அவதான் இல்லையே, அதனால உங்களைக் கேக்கறா."

நான் தலையாட்டினேன். ஒரு தடவை ஆட்டினால் போதும். நான் எத்தனை தடவை ஆட்டினேனோ தெரியாது. டாக்டர் பஞ்சு வைக்கிற தட்டிலிருந்து எனக்கு ஒரு கத்தைப் பஞ்சை எடுத்து நீட்டினார். கர்ச்சீப் என்று நினைத்து நானும் அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "உங்க மொழியில அக்காவை எப்படிச் சொல்றதுன்னு கேக்கறா" என்றார். சொல்லிக் கொடுத்தோம். வழியெல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நேராக வீட்டுக்குப் போகவில்லை, கடைக்குப் போனோம். இவர் அவளுடைய பழைய காகிதங்களை எடுத்து, அதிலிருந்த அவள் பெயரை அவள் மொழி எழுத்திலேயே பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் வரைந்தார். ஒரு தாளில் அச்செடுத்தார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் அவளை ஸ்டூலில் நிறுத்தி, தாளையும் பேனாவையும் முன்னால் வைத்தார்.

"கஸ்டமரைக் கேக்காம வெட்டினது இருபது வருஷத்துல அந்த ஒரு பேர்தான்" என்றார் என்னிடம், மெதுவாக.

"அதுவும் தப்பாப் போச்சு" என்றேன்.

அவள் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். தன் பெயரை நாங்கள் கேட்டு அறிந்திருந்தும் ஒருநாளும் கூப்பிடாததை அவள் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை. வாய்விட்டுப் படித்துக் காட்டினாள், எங்களுக்குப் படிக்கத் தெரியாதே என்ற கரிசனத்தோடு. நான் திருப்பிச் சொன்னேன். சிரித்தாள். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டு, பேனாவை எடுத்துத் தாளின் அடியில் ஒரு பெரிய வட்டம் போட்டாள்.

சாயங்காலம் கட்டில் தலைமாட்டில் இரண்டாவது பலகை ஏறியது. முதல் பலகையைக் கழற்ற இவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தபோது பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் இருக்கட்டும் என்று நானும் சொன்னேன். நாத்தனாருக்கு ஃபோன் செய்து பழைய பெயரே இருக்கப் போகிறது என்றேன். "அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நாக்கு சுளுக்குமேம்மா" என்றார். "சுளுக்கினா டீச்சர் தைலம் தேச்சுக்கட்டும்" என்றேன். பிறகு, "எங்க, ஒருதரம் மெதுவாச் சொல்லு, நான் முதல்ல பழகறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். குமாஸ்தா விரலில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு படிவத்தைப் புரட்டினார்.

"ரெண்டு கட்டத்துலயும் ஒரே பேர் எழுதியிருக்கீங்களே. தப்பா எழுதிட்டீங்களா?"

"இல்லீங்க. இந்தத் தடவை சரியாத்தான் எழுதியிருக்கோம்."

"மாத்தலைன்னா சரி" என்று முத்திரையை ஓங்கிக் குத்தினார். அடுத்த பக்கத்துக்குப் போனார். "பெற்றோர் விவரம். உங்களுக்கு இது எத்தனாவது குழந்தை? முதல் குழந்தைதானே, ஒண்ணுன்னு போட்டுடறேன்."

பேனா தாளைத் தொட்டுவிட்டது. பதினோரு வருடமாக இந்தக் கேள்வியை யார் எந்த மாதிரி கேட்டாலும் இல்லை என்று சொல்லித் தப்பித்து வந்தவள் நான். அது எனக்கு அவ்வளவு பழகிவிட்டது.

"ஒண்ணு இல்லீங்க. ரெண்டாவது" என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது.

"சரி. மூத்த பிள்ளை பேரு?" என்றார் குமாஸ்தா, தலை தூக்காமல்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர்தான் சொன்னார், எழுத்தெழுத்தாக, கடையில் சொல்கிற அதே நிதானத்தில். குமாஸ்தா சரியாகக் கேட்கவில்லை என்று நிமிர்ந்தார். அவர் பார்வை எங்கள் மேல் படாமல், மேஜை விளிம்பில் மோவாயை வைத்து நின்றிருந்த எங்கள் சின்னவள் மேல் பட்டது.

அவள் அந்தப் பெயரைத் தெளிவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, இந்த மனுஷருக்கு இது யாரென்று தெரியாதே என்று நினைத்தாளோ என்னவோ, "அக்கா" என்றும் சேர்த்துச் சொன்னாள்.

குமாஸ்தா எழுதிக்கொண்டார்.